பிஷப் விப்பிளின் கடிதங்கள் என்ன சாதித்தன?

கேள்வி இது: "மினசோட்டாவின் முதல் எபிஸ்கோப்பல் பிஷப் ஹென்றி விப்பிள் லிங்கனுக்கு எழுதிய ஒரு கடிதம், தூக்குத் தண்டனை பெற்றிருந்த 265 பூர்வகுடிகளைக் காப்பாற்றியது என்கிறார்கள். உண்மையா? அவருடைய மற்ற கடிதங்களில் படிக்கத் தக்கவை உண்டா?"

சொல்லப்படும் வடிவத்தில் அது உண்மை அல்ல. லிங்கனுக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம் 1862 மார்ச் மாதத்தது. டகோட்டா பூர்வகுடிகளுக்கும் வெள்ளையர்களுக்கும் போர் மூண்டது ஆகஸ்டில், மரண தண்டனைகள் விதிக்கப்பட்டது இலையுதிர் காலத்தில். அந்தக் கடிதத்தில் தூக்குமேடை பற்றி ஒரு வரியும் இருக்க வழியில்லை. ஆனால் அதை எழுதிய மனிதரைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹென்றி பெஞ்சமின் விப்பிள் 1822இல் நியூயார்க் மாநிலத்தின் ஆடம்ஸ் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது பிரெஸ்பிட்டேரியன் சூழலில். ஓபர்லினில் கொஞ்ச காலம் படித்தார், உடல்நலம் கெட்டதால் பாதியில் நின்றுவிட்டார். பிறகு அப்பாவின் வியாபாரம், கூடவே ஜனநாயகக் கட்சியில் உள்ளூர் அரசியல். இந்த அரசியல் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எழுதினால் காரியம் நடக்கும், எந்தச் சொல்லுக்கு எந்தச் செனட்டர் அசைவார் என்ற அறிவு அவருக்கு இறையியல் கல்லூரியில் கிடைத்ததல்ல. ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபையில் 1849இல் டீக்கனாகவும் (குருவுக்கு முந்தைய நிலை) 1850இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். நியூயார்க்கின் ரோம் நகரில் ஏழெட்டு ஆண்டுகள் சேகரகுருவாக இருந்தார். 1857இல் சிகாகோ போனார்.

அங்கே அவர் நடத்தியது இருக்கைக்கு வாடகை வாங்காத ஆலயம். அந்நாளில் அமெரிக்க ஆலயங்கள் பலவற்றில் குடும்பத்துக்கு ஒரு பெஞ்ச் என்று வாடகைக்கு விடுவார்கள், ஏழைக்குப் பின்வரிசைதான் மிஞ்சும். விப்பிள் தேடிப் போனது கடைச் சிப்பந்திகளையும் ரயில்வே தொழிலாளர்களையும். ரயில் ஓட்டுநர்களிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று ஒரு ரயில்வே பொறியாளரைக் கேட்டாராம். ரயில் எந்திரங்களைப் பற்றிய நூல் ஒன்றைப் பெயர் சொல்லி, ஓட்டுநரிடம் ஒரு கேள்வி கேட்டால் அவர் உம்மை முட்டாள் என்று நினைக்காத அளவுக்கு அதைப் படியும் என்றாராம் அவர். விப்பிள் படித்தார். பிறகு எந்திரக் கொட்டகைக்குப் போய், இணைப்புகள் உள்ளே இருக்கும் எந்திரம் நல்லதா, வெளியே இருப்பது நல்லதா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினார். தன்வரலாற்றில் அவரே சொல்லும் இந்தச் சம்பவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னாளில் வாஷிங்டனுக்கு எழுதியபோதும் அவர் இப்படித்தான் செய்தார். எந்திரம் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டார்.

1859 அக்டோபர் 13 அன்று, வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மினசோட்டாவின் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். வயது 37. மினசோட்டா மாநிலமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு ஃபேரிபோ என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே ஜேம்ஸ் லாயிட் பிரெக் என்ற மிஷனரி ஏற்கெனவே பள்ளி வேலையைத் தொடங்கியிருந்தார். விப்பிள் அதை வளர்த்து சீபரி இறையியல் பள்ளி, ஷாட்டக் பள்ளி, பெண்களுக்கான செயின்ட் மேரிஸ் ஹால் என நிறுவனங்களாக நிறுத்தினார். ஷாட்டக் என்பது பாஸ்டனின் ஒரு மருத்துவரின் பெயர். கிழக்குக் கரைச் செல்வந்தர்களுக்கு விப்பிள் எழுதிய கடிதங்களில்தான் இந்தக் கட்டடங்கள் எழுந்தன. 1862இல் அடிக்கல் நாட்டிய பேராலயம் 1869இல் பிரதிஷ்டை ஆனது. திருமண்டலத்தைச் சுற்றிவரக் குதிரைதான். பஷா என்ற தன் குதிரையைப் பற்றி, பனிப்புயலில் வழிதவறாமல் கொண்டுவந்து சேர்த்ததை, நெஞ்சு நெகிழ எழுதியிருக்கிறார்.

இனி கடிதங்கள். அவை ஏன் எழுதப்பட்டன என்று புரிய, டகோட்டா மக்களின் பணம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும்.

1851 ஒப்பந்தங்களில் டகோட்டாக்கள் சுமார் 2.4 கோடி ஏக்கர் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு மினசோட்டா ஆற்றங்கரையில் ஒரு ஒடுங்கிய காப்பு நிலம், ஆண்டுதோறும் ஒரு தொகை. அசல் தொகையை அரசே வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் ஆண்டுத் தொகையாகத் தரும். டிராவர்ஸ் டெ சூவில் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட தலைவர்களிடம் இன்னொரு தாளும் நீட்டப்பட்டது. வியாபாரிகளுக்கு இவர்கள் பட்ட கடனை நேரடியாகக் கழித்துக்கொள்ள அந்தத் தாள் வழி செய்தது. கடன் எவ்வளவு என்று சொல்வது வியாபாரியின் கணக்குப் புத்தகம். 1858இல் ஆற்றின் வடகரை நிலமும் போயிற்று. அதற்கு ஏக்கருக்கு 30 சென்ட் என்று செனட் விலை வைத்தது, அதிலும் பெரும்பங்கு வியாபாரிகளின் கணக்கிலேயே கரைந்தது. பணத்தைப் பட்டுவாடா செய்ய அரசு ஏஜென்ட் ஒருவர் இருப்பார். அது கட்சிக்கு உழைத்தவருக்குத் தரும் பதவி. ஆட்சி மாறினால் ஏஜென்டும் மாறுவார். சம்பளம் குறைவு, ஆனாலும் போட்டி பலமாக இருந்தது. காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

விப்பிள் வந்த சில மாதங்களிலேயே இதைக் கண்டுகொண்டார். 1860 ஏப்ரலில் அதிபர் புக்கானனுக்கு எழுதினார். சாராயம் விற்பதைத் தடுங்கள், சட்டத்தை நடைமுறைப்படுத்த ஓர் அதிகாரியைப் போடுங்கள், நிலமும் பள்ளியும் தாருங்கள் என்பது அதன் சாரம். பலன் இல்லை. 1862 மார்ச் 6 அன்று லிங்கனுக்கு எழுதியபோது தொனி கடுமையாகியிருந்தது. ஒப்பந்தம் போடும்போது இவர்களைச் சுதந்திர நாடு என்கிறோம், போட்டு முடித்ததும் நம் பாதுகாப்பில் உள்ள சிறுவர்களாக நடத்துகிறோம். அவர்களுடைய பழைய ஆட்சிமுறையை உடைத்துவிட்டோம், அந்த இடத்தில் வேறு சட்டம் எதையும் வைக்கவில்லை. ஒருவன் இன்னொருவனைக் கொன்றால் விசாரிக்க ஆள் இல்லை, நல்லவனுக்குப் பாதுகாப்பு இல்லை. ஏஜென்டுகளைத் தகுதி பார்த்து நியமியுங்கள், கட்சிச் சார்பற்ற மூவர் குழுவை அமைத்துத் திட்டம் வகுக்கச் சொல்லுங்கள். வாதம் இப்படிப் போகிறது. அனுதாபம் கேட்கும் பாதிரிக் கடிதம் என்று எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒரு நிர்வாகம் எங்கே, ஏன் அழுகுகிறது என்று பிரித்துக் காட்டும் அறிக்கை அது.

அதே மாதம் லிங்கன் ஓரிரு வரியில் பதில் எழுதினார். நீங்கள் சொன்னவற்றை உள்துறைச் செயலரின் தனிக் கவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். செயலர் கேலப் ஸ்மித்தும் மரியாதையாகப் பதில் போட்டார். அதோடு நின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் எனக்கு இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஐந்து மாதம் கழித்து நடக்கப்போவதன் காரணங்கள் அனைத்தும் அதிபர் மாளிகைக்கு எழுத்தில் போய்ச் சேர்ந்திருந்தன.

அந்த ஆண்டு ஜூன் இறுதியில் வரவேண்டிய பணம் வரவில்லை. காங்கிரஸ் தாமதித்தது, பொன்னாகத் தருவதா காகிதப் பணமாகத் தருவதா என்று கருவூலம் யோசித்தது. முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்திருந்தது. கிடங்கில் தானியம் இருந்தும் கடனுக்குத் தர மறுத்தார்கள். அந்தக் கோடையில் விப்பிள், டகோட்டா காப்பு நிலத்தில் அரசு ஏஜென்டின் அலுவலகம் இருந்த லோயர் சூ ஏஜென்சிக்குப் போயிருந்தார். சாமுவேல் ஹின்மன் என்ற இளம் மிஷனரி அங்கே கட்டிக்கொண்டிருந்த ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார், மக்களின் குமுறலையும் நேரில் கண்டார். ஆகஸ்ட் 18 அன்று டகோட்டாக்கள் அந்த ஏஜென்சியைத் தாக்கினார்கள். அதே நாளில் 71,000 டாலர் பெறுமான பொன் ரிட்ஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

ஆறு வாரப் போரில் இறந்த குடியேறிகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலோர் 600ஐ ஒட்டிச் சொல்கிறார்கள். குடும்பங்கள் முழுதாக அழிந்த வீடுகள் உண்டு. விப்பிள் செயின்ட் பீட்டர் ஊரில் காயம்பட்டவர்களுக்குத் தையல் போடும் வேலையில் நின்றார். ஆளுநர் ராம்சி, டகோட்டாக்கள் அழிக்கப்பட வேண்டும் அல்லது மாநில எல்லைக்கு அப்பால் நிரந்தரமாகத் துரத்தப்பட வேண்டும் என்று அறிவித்தார். மாநிலத்தின் பெரும்பான்மைக் குரல் அதுதான். இறந்தவர்களைப் புதைத்த மண் காய்வதற்குள், இந்தக் குற்றத்தின் வேர் நம் நிர்வாகத்தில் இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! விப்பிள் எழுதினார். மிரட்டல்கள் வந்தன. பின்வாங்கவில்லை.

செப்டம்பரில் வாஷிங்டன் போய் லிங்கனை நேரில் கண்டார். ராணுவத் தலைமைத் தளபதி ஹாலெக் அவருக்கு உறவினர், அதனால் கதவு எளிதாகத் திறந்தது. இந்தக் கேடுகெட்ட நிர்வாகத்தைப் பற்றி அவர் பேசப் பேச அது என் காலணி வரை இறங்கியது, இந்தப் போர் முடிந்து நானும் உயிரோடு இருந்தால் இதைச் சீர்திருத்துவேன் என்று லிங்கன் பிறகு ஒருவரிடம் சொன்னதாக விப்பிளின் தன்வரலாறு கூறுகிறது. விப்பிள் காதுக்கு இன்னொருவர் வழியாக வந்த சொல் இது, அந்த அளவுக்கே நம்ப வேண்டும். ஆனால் 1862 டிசம்பர் 1 அன்று காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில், பூர்வகுடி நிர்வாகத்தை மாற்றியமைப்பது பற்றி யோசியுங்கள், அறிவும் நற்குணமும் உள்ள பலர் அது பயன்தரும் என்று என்னை நம்ப வைத்திருக்கிறார்கள் என்று லிங்கன் எழுதியது அச்சில் இருக்கிறது.

இப்போது அந்த 265. ராணுவக் குழு 392 பேரை விசாரித்து 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. சில விசாரணைகள் சில நிமிடங்களில் முடிந்தன. வழக்கறிஞர் இல்லை. அப்பகுதிப் படைத் தலைவர் ஜெனரல் போப் பெயர்ப் பட்டியலைத் தந்தியில் அனுப்ப, முழு விசாரணை ஆவணங்களையும் அனுப்புங்கள் என்று லிங்கன் பதில் தந்தி கொடுத்தது நவம்பர் 10. விப்பிள் செனட்டர் ஹென்றி ரைசுக்கு எழுதிய அடுத்த முக்கியக் கடிதத்தின் தேதி நவம்பர் 12. ஆக, ஆவணங்களைக் கேட்கவைத்தது அந்தக் கடிதம் அல்ல. தேதிகளை அடுக்கிப் பார்த்தாலே கட்டுக்கதை உதிர்ந்துவிடும். உள்துறைச் செயலர் ஸ்மித்தும், பூர்வகுடி விவகார ஆணையர் வில்லியம் டோலும்கூட மொத்தமாகத் தூக்கிலிடுவதை எதிர்த்தார்கள். இரண்டு வழக்கறிஞர்கள் ஆவணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். போர்க்களத்தில் சண்டையிட்டவர் வேறு, ஆயுதமற்றோரைக் கொன்றவர் வேறு என்று பிரித்து லிங்கன் 39 பேரைக் குறித்தார். அவர்களில் ஒருவருக்குத் தண்டனை நிறுத்தப்பட்டது. டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது வேறெப்போதும் இல்லை.

ஆனால் ரைசுக்கு எழுதிய அந்தக் கடிதத்தைக் கட்டாயம் படியுங்கள். நாம் இவர்களைச் சுதந்திர நாடு என்று சொல்லி ஒப்பந்தம் போட்டவர்கள், அப்படியானால் பிடிபட்டவர்கள் போர்க் கைதிகள், நூற்றுக்கணக்கில் தூக்கில் போட நமக்கு உரிமை இல்லை என்கிறார். அரசின் சொந்த வாதத்தை எடுத்து அரசின் முன்னாலேயே வைக்கிறார். அதே மூச்சில், கொலை செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. அவரை மரண தண்டனை எதிர்ப்பாளராகக் காட்டுவது தவறு.

அதற்கு முன், 1862 அக்டோபரில் நியூயார்க்கில் சபையின் பொது மாநாடு கூடியபோது, நிர்வாகச் சீர்திருத்தம் கோரும் மனுவில் பிஷப்புகளிடம் கையொப்பம் வாங்கினார். சிலர் போட்டார்கள், சிலர் அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். போருக்குப் பிறகு சுமார் 1,600 டகோட்டாக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே அடைக்கப்பட்டார்கள். நோயில் பலர் மடிந்தார்கள். ஹின்மன் அவர்களோடு இருந்தார், அதற்காக வெள்ளையர் கும்பலிடம் அடிவாங்கினார். விப்பிள் அங்கே போய்த் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். 1863இல் காங்கிரஸ் ஒப்பந்தங்களை ரத்துசெய்து, எஞ்சியவர்களைக் குரோ கிரீக் என்ற வறண்ட நிலத்துக்கு அனுப்பியது. தாவோபி போன்று போரின்போது வெள்ளையர்களைக் காப்பாற்றியவர்களுக்கும் சொந்த ஊர் இல்லாமல் போயிற்று. அவர்களில் சிலரை விப்பிள் ஃபேரிபோவில் குடியமர்த்தி, பல ஆண்டுகள் அவர்களுக்காக மனு எழுதினார்.

ஒரு சமயம் அவர் கையிலேயே பணம் வந்தது. 1868இல் சிசெட்டன், வாபெட்டன் என்ற டகோட்டாப் பிரிவினருக்கு உதவ ஒதுக்கிய 45,000 டாலரை விப்பிளே செலவிடட்டும் என்று காங்கிரஸ் சொன்னது. ஏஜென்டை நம்ப முடியாத இடத்தில் பிஷப்பை நம்பினார்கள். அவரைப் பூர்வகுடிகள் 'நேரான நாக்கு' என்று அழைத்ததற்கு இது பொருத்தமான சான்று.

அந்தப் பெயருக்குப் பெருத்த களங்கம் வந்தது 1876இல். லிங்கன் கடிதத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. பிளாக் ஹில்ஸ் மலையில் பொன் கிடைத்திருந்தது. அந்த மலை 1868 ஒப்பந்தப்படி டகோட்டாக்களின் மேற்கத்திய உறவினரான லகோட்டாக்களுக்கு உரியது, வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட்டால் ஒழிய அதை எடுக்க முடியாது. லகோட்டாக்களோடு மோதிய தளபதி கஸ்டரின் படை அழிந்த கோபத்தில், மலையை விட்டுக்கொடுக்கும் வரை உணவுப் பங்கீடு கிடையாது என்று காங்கிரஸ் ஆகஸ்டில் சட்டம் போட்டது. கையொப்பம் வாங்க ஜார்ஜ் மேனிபென்னி தலைமையில் குழு போயிற்று. அதில் ஓர் உறுப்பினர் விப்பிள். ஏஜென்சி ஏஜென்சியாகப் போய்த் தலைவர்களிடம் கையொப்பம் வாங்கினார்கள். மொத்த ஆண்களில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அரசின் வாக்குமீறல்களை நினைத்தால் வெட்கமும் துயரமும் நெஞ்சை நிறைக்கின்றன என்று குழுவின் அறிக்கை உருக்கமாகச் சொல்கிறது. 1877 பிப்ரவரியில் மலை சட்டப்படி அமெரிக்காவுக்குப் போனது.

பசியில் இருப்பவர்களுக்கு வேறு வழி கிடைக்காது, கிடைப்பதையாவது வாங்கிக் கொடுப்போம் என்று அவர் நினைத்திருக்கலாம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1862இல் அவரே எழுதிய அளவுகோலை வைத்துப் பார்த்தால், அந்தக் காகிதத்தில் அவர் பெயர் இருந்திருக்கக் கூடாது. 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மலையை எடுத்ததற்கு நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அசல் 1.71 கோடி டாலர், வட்டியோடு சேர்த்துப் பத்துக் கோடிக்கு மேல். லகோட்டாக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. நிலம்தான் வேண்டும் என்கிறார்கள்.

இந்த இரண்டு விப்பிளும் வெவ்வேறு ஆட்கள் அல்ல. நேர்மையான நிர்வாகத்தை அவர் கேட்டது எதற்காக? பூர்வகுடிகள் தனித்தனி நிலத்தில் உழவர்களாகி, கிறிஸ்தவர்களாகி, அமெரிக்கச் சட்டத்துக்குள் வர வேண்டும் என்பதற்காக. அவர்களுக்கென்று ஒரு நாடும் சமயமும் இருந்தபடியே இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. திருட்டைக் கண்டு கொதித்தவர், நிலம் கை மாறுவதைத் தவிர்க்க முடியாதது என்று எடுத்துக்கொண்டார். மார்ச் 1862 கடிதத்திலேயே இந்த விதை இருக்கிறது.

அதனால்தான், அவர் எழுதியவற்றோடு அவருக்கு வந்தவற்றையும் படிக்கச் சொல்கிறேன். அவற்றில் முதன்மையானவை என்மெகாபோவின் கடிதங்கள். ஓஜிப்வே என்ற வேறொரு பூர்வகுடி மக்களிடையே பணிசெய்தவர், 1859இல் டீக்கனானார், 1867இல் விப்பிள் கையால் குருவானார். எபிஸ்கோப்பல் சபையின் முதல் பூர்வகுடிக் குரு அவர். 1862இல் ஓஜிப்வே தலைவர் ஒருவர் போருக்குத் தயாரானபோது ரிப்ளி கோட்டைக்குத் தப்பியோடி எச்சரித்தார். அந்தப் பயணத்தின் கடுமையில் இரண்டு பிள்ளைகளை இழந்தார். பிறகு ஒயிட் எர்த் காப்பு நிலத்திலிருந்து பல ஆண்டுகள் பிஷப்புக்கு எழுதிக்கொண்டிருந்தார். பசி, சாராயம், காட்டு மரம் கைமாறும் விதம், சபை வளரும் விதம் எல்லாம் அவற்றில் உண்டு. அந்த ஆங்கிலத்துக்கு ஒரு தனி வேகம் இருக்கிறது. பிஷப்பை நேசிக்கிறார், அதே சமயம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் செய்கிறார். விப்பிள் 1901இல் இறந்தார், என்மெகாபோ அடுத்த ஆண்டு.

விப்பிளின் பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1871இல் ஹவாய்த் தீவுகளின் பிஷப் பதவி அவருக்கு வந்தது, மறுத்துவிட்டார். ஹெலன் ஹன்ட் ஜாக்சன் அரசின் ஒப்பந்த மீறல்களைத் தொகுத்து 1881இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை எழுதினார். உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகள் கூடும் லாம்பெத் மாநாட்டில் 1888இல் தொடக்கப் பிரசங்கம் செய்தார். மனைவி கொர்னேலியா 1890இல் இறந்தார். போரில் அழிந்த ஹின்மன் ஆலயத்தின் அடிக்கல்லை எடுத்து லோயர் சூவில் மீண்டும் கட்டிய ஆலயத்துக்குக் கொர்னேலியாவின் பெயரே வைக்கப்பட்டது. அதற்கு நிலம் தந்தவர் குட் தண்டர் என்ற டகோட்டா கிறிஸ்தவர்.

விப்பிள் குடும்பத்துத் தாள்கள் மினசோட்டா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. படிக்கத் தொடங்கினால் 1860 ஏப்ரல், 1862 மார்ச், 1862 நவம்பர் என்று போய், நேராக 1876 குழு அறிக்கைக்குத் தாவுங்கள். இந்த நான்கும் ஒரே மேசையில் இருக்கட்டும். பிறகு என்மெகாபோவுக்கு வாருங்கள், அவருக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள்.